கல்லை உடைத்த பிறகு ஒதுங்க ஓர் இடம்

போன மாதம் ஒரு மருத்துவர் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவனை மேடையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, அதிகம் பேச விடாமல் சாப்பிட அனுப்பிவிடுவது வழக்கம். அன்றைக்கு ஒரு தம்பி, நன்றாகப் படித்த பிள்ளை, திரையில் ஓர் அட்டவணையைப் போட்டுக் காட்டினார். சிறுநீரகக் கல்லுக்குப் பெரிய வெட்டு இல்லாத வைத்தியங்கள் மூன்று. வெளியிலிருந்து அதிர்வலையால் கல்லை உடைப்பது. முதுகில் சிறு துளை போட்டு எடுப்பது. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை மேலே ஏற்றி எடுப்பது. எதில் எவ்வளவு படுக்கை, எதில் கல் மிச்சமாகும், எதில் ரத்தப்போக்கு என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "சார், உங்க அனுபவத்துல எது பெஸ்ட்?" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் அல்ல, அந்தக் கேள்வி மேல். அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அதையேதான் எல்லாரும் கேட்டார்கள். மிஷின் விற்க வந்தவர் கேட்டார், நோயாளியின் மைத்துனர் கேட்டார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். யாருக்கு எது நல்லது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. மேடையில் எதையோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளில் இந்தக் குழப்பமே எங்களுக்குக் கிடையாது. விலாவில் நீளமாக ஒரு வெட்டு, கையை விட்டுக் கல்லை எடுப்பது, பிறகு வாரக்கணக்கில் படுக்கை. எங்கள் பக்கம் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. கரிசல் வெயிலும் உப்புக் கிணறும் அதைப் பார்த்துக்கொண்டன. எடுத்த கல்லைக் கழுவிச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் நாங்கள் சும்மா கிழித்துத் தைத்துவிட்டோம் என்று ஊரில் பேசுவார்கள். அந்தக் கல்லைப் பாட்டிலில் போட்டு, கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த வியாபாரிகளை எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையில் அதிர்வலை மிஷின் வந்தது. வந்த புதிதில் நான் அனுப்பியவர்களில் ஒருவர் பந்தல்குடி அண்ணாச்சி. லாரிக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர். சின்னக் கல், தோதான இடம், இரண்டு சிறுநீரகமும் நன்றாக வேலை செய்தன. மிஷினுக்கென்றே செய்துவைத்த மாதிரி ஆள். போனார், படுத்தார், சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். சில நாளில் மணலாகக் கொஞ்சம் போனது, அவ்வளவுதான். அவருக்கு ஒரே குறை, காட்டுவதற்கு முழுக் கல் இல்லை. துணியில் வடிகட்டிய மணலை மருந்துப் பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டார். தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போகிற டிரைவர்களுக்கெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டுவார்.

"கத்தி கெடயாது, தையல் கெடயாது. மிஷின்ல படுத்தாப் போதும், கல்லு மாவாப் போயிரும்" என்பார்.

கயிறு வாங்க வந்தவர்களெல்லாம் வைத்தியமும் வாங்கிக்கொண்டு போனார்கள். என் சர்வீஸில் எனக்கு அதிகம் தொல்லை கொடுத்த நோயாளி, பூரணமாகக் குணமாகிப்போன இந்த அண்ணாச்சிதான்.

அவர் கடையில் பாட்டிலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தவர் வேலுச்சாமி. திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். மிளகாய், பருத்தி, சொந்த டிராக்டர், மச்சு வீடு. கல் அவருக்கு இல்லை, அவர் மனைவி சீனியம்மாளுக்கு. அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். இடப்பக்கச் சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிப்போயிருந்தது. அதிலும் கல்தான். வாயுப் பிடிப்பு என்று வருடக்கணக்கில் கசாயம் குடித்துக் குடித்து அதை இழந்துவிட்டார். மிச்சம் இருந்தது வலது ஒன்றுதான். அதற்குள் நெல்லிக்காய் பருமனில் ஒரு கல்.

"பந்தல்குடி அண்ணாச்சிக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சுருங்க சார்" என்றார் வேலுச்சாமி.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். மிஷின் கல்லை உடைக்கும், உடைத்ததை வெளியே கொண்டுவராது. அது நோயாளியின் உடம்பு செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் குடித்துக் குடித்து, சிறுநீரோடு கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அண்ணாச்சிக்கு இறங்கியது ஒரு பிடி மணல். இந்தக் கல்லை உடைத்தால் ஒரு வண்டி சல்லி. அத்தனையும் ஒரே நேரத்தில் அந்தக் குறுகலான குழாயில் இறங்கினால் அடைத்துக்கொள்ளும். இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கு அடைத்தால் வலியோடு போகும். ஒன்றே உள்ளவருக்கு அடைத்தால் உயிருக்கே ஆபத்து. முதுகில் துளை போட்டு, நம் கையாலேயே கல்லை வெளியே எடுத்துவிடுவதுதான் இவருக்குச் சரி என்றேன்.

"தொளைன்னா கத்திதான சார்?"

"சின்னக் கத்தி."

"கத்தியில என்ன சார் சின்னது பெருசு?"

அந்த அம்மாவிடம் திரும்பி, "நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள், "அவளுக்கென்ன சார் தெரியும்" என்று வேலுச்சாமி எழுந்துவிட்டார்.

மதுரைக்கு அவர்களாகவே போனார்கள். அங்கே மிஷின் வைத்திருந்தவர்களும் ஒற்றைச் சிறுநீரகம் என்று பார்த்துவிட்டு, முதலில் உள்ளே ஒரு மெல்லிய டியூப் வைத்துவிடலாம், சல்லி இறங்கும்போது வழி அடைக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மயக்க ஊசி வேண்டும். மயக்க ஊசி கிடையாது என்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று இவர் முறுக்கிக்கொண்டார். வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்று அவர்களும் இறங்கிவந்து, டியூப் இல்லாமலே உடைத்து அனுப்பிவிட்டார்கள். வந்தவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவதை மரியாதை என்று நினைக்கிற டாக்டர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது மரியாதையாகத் தெரிந்ததே இல்லை.

கொஞ்ச நாளில், காரியாபட்டிக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்திலிருந்து ஒரு மத்தியான நேரம் சீனியம்மாளை வேனில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மண்டபத்தில் வாந்தி எடுத்து மயங்கியிருக்கிறார். முகம் ஊதியிருந்தது. மூச்சு வாங்கியது. எனக்கு அப்போது உதவியாக ஒரு டாக்டர் இருந்தார், பெரிய ஊரில் புதுக் கருவிகளில் பயிற்சி முடித்துவிட்டு வந்தவர். அவர் வேலுச்சாமியைப் பிடித்து, யூரின் சரியாகப் போகிறதா என்று விசாரித்தார்.

"அதெல்லாம் நல்லாப் போகுது சார்" என்றார் வேலுச்சாமி.

இவருக்கு எப்படித் தெரியும்? பெண்டாட்டி எப்போது ஒதுங்கப் போகிறாள் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் புருஷனுக்குத் தெரியும்? அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவையே கேட்டேன்.

"கல்யாண வீட்டுக்குக் கெளம்புனதுலேருந்து போகலய்யா" என்றார்.

கிளம்பியது முந்தாநாள். நான் ஆடிப்போனேன்.

"யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"எதுக்குச் சொல்ல? நிம்மதியால்ல இருந்துச்சு. பஸ்ஸுல ஒக்காந்துக்கிட்டு வயித்தப் பிடிச்சுக்கிட்டு வர வேண்டாம். மண்டபத்துல மத்த பொம்பளைகள்லாம் எங்கிட்டு ஒதுங்கன்னு முழிச்சுக்கிட்டு நின்னாளுக. எனக்கு மட்டும் அந்தக் கவலையே இல்ல. சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு நெனச்சேன்."

"தண்ணி நெறையக் குடிக்கச் சொன்னாங்களே?"

"சொன்னாக. குடிச்சுட்டு எங்கிட்டுப் போக? விடியறதுக்கு முந்தி கம்மாக்கரைக்குப் போனா, பெறகு இருட்டுனாத்தான். நடுவுல வந்தா அடக்கிக்கிற வேண்டியதுதான். அதுக்குக் குடிக்காமலே இருந்துக்கிறலாம்ல."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் சிறுநீர் நின்றுபோவதைச் சந்தோஷமான செய்தியாக எழுதவில்லை. என் கோபம் எங்கே போய் விழுவது என்று தெரியாமல் சுற்றியது. வேலுச்சாமி மேலா, அண்ணாச்சி மேலா, மதுரைக்காரர்கள் மேலா? அதற்கெல்லாம் நேரம் இல்லை. சிறுநீரில் போக வேண்டிய உப்பு ரத்தத்தில் தேங்கி, ஈசிஜியில் இதயம் தடுமாற ஆரம்பித்திருந்தது.

ஸ்கேனில் நினைத்ததுதான். சல்லி முழுவதும் குழாயில் வரிசையாக இறங்கி அடைத்து நின்றது. மேலே சிறுநீரகம் வீங்கிப்போய், உள்ளே இன்னும் ஒரு பெரிய துண்டு மிச்சம் இருந்தது.

உதவி டாக்டருக்குக் கை பரபரத்தது. "கீழேருந்து கருவியை ஏத்திருவோம் சார். அடைப்ப எடுத்துட்டு அப்படியே மேல போய் மிச்சத்தையும் முடிச்சுரலாம். ஒரே சிட்டிங்" என்றார். கருவி புதிதாக வந்திருந்தது. அவருக்கு அதைத் தொட ஆசை. நர்ஸ், மதுரைக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டார். வெளியே வராந்தாவில் அதற்குள் பந்தல்குடி அண்ணாச்சி வந்து சேர்ந்திருந்தார். இன்னொரு தடவை மிஷினில் படுக்க வைத்தால் சரியாகிவிடும் என்று வேலுச்சாமிக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டிலையும் கொண்டுவந்திருந்தார்.

மூன்று பேரும் சொன்னது கல்லைப் பற்றித்தான். கல் அன்றைக்கு எனக்குப் பிரச்சினையே இல்லை. மதுரைக்கு அனுப்பினால் வழியில் இதயம் நின்றுவிடலாம். கீழே இருந்து கருவியை ஏற்ற நேரம் பிடிக்கும், மயக்க மருந்தை அந்த உடம்பு தாங்காது. மிஷினைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர் மகா கோபக்காரர். ஆபரேஷன் மேஜையில் நாங்கள் கல்லைத் தேடித் தடுமாறும்போது, கிட்னியைப் பாருடா, கல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று கத்துவார். இதயத்துக்கான மருந்துகளைக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கியதால் குப்புறப் போடாமல் ஒருக்களித்தபடியே படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே முதுகு வழியாக வீங்கிய சிறுநீரகத்துக்குள் ஒரு டியூபைச் செருகினேன். வேறு எதையும் தொடவில்லை.

முதலில் கலங்கலாகக் கொஞ்சம் வந்தது. பிறகு பை நிறைய ஆரம்பித்தது. பைக்குள் சிறுநீர் விழுகிற சத்தத்தை நான் அத்தனை கவனமாக அதற்கு முன் கேட்டதில்லை. உதவி டாக்டருக்கு ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. வெளியே வேலுச்சாமிக்கு அதைவிட ஏமாற்றம்.

"கல்லை எடுக்கலையா சார்? வெறும் டியூபைச் சொருகிட்டு விட்டுட்டீக?"

"ஆமா. ஆளு உசுரோட இருக்காங்க. கல்லை அப்புறம் எடுப்போம்."

அவர் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். இந்த டாக்டருக்கு விவரம் போதாது என்று அண்ணாச்சியின் முகம் சொன்னது.

அடுத்தடுத்த நாட்களில் ரத்தம் சுத்தமாகி, சீனியம்மாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். துளை வழியாகக் கல் எடுக்கிற வசதி எங்களிடம் இல்லை என்பதால், இனி மதுரைக்குக் கூட்டிப்போய், அதே முதுகுத் துளை வழியாக உள்ளே இருப்பதை எடுத்து, குழாயில் இருப்பதைக் கீழிருந்து கருவியால் எடுத்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தேன். நானும் கூட நிற்பதாகச் சொல்லியிருந்தேன். இதைச் சொல்லி, இந்தப் பையும் டியூபும் போய்விடும் என்று சந்தோஷமாகத் தெரிவித்தேன்.

அந்த அம்மா பையைத் தொட்டுப் பார்த்தார். "இது இப்படியே இருக்கட்டும்யா" என்றார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"சௌகரியமா இருக்குய்யா. வேணுங்கிற மட்டும் தண்ணி குடிக்கிறேன். அது பாட்டுக்குப் பைக்குப் போயிருது. கம்மாக்கரைக்கும் போக வேணாம், பாம்பு பூச்சிக்கும் பயப்பட வேணாம். எடுக்காமலே விட்டுருங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதுகைத் துளைத்து வெளியே தொங்குகிற ரப்பர் குழாயை ஒரு பெண் தன் வீட்டைவிடச் சௌகரியமாக நினைக்கிறார் என்றால், அந்த வீட்டுக்காரரை என்ன செய்வது? வேலுச்சாமியைக் கூப்பிட்டேன். கத்தாமல் பேச முயன்றேன், முடியவில்லை.

"டிராக்டருக்கு ஷெட்டு இருக்கா?"

"இருக்கு சார்."

"மாட்டுக்குத் தொழுவம்?"

"இருக்கு சார்."

"வீட்ல கக்கூஸ்?"

"சாமி கும்புடுற வீடு சார். எங்க அய்யா கட்டுனது. அதுல போய் அதக் கட்டுனா நாலு பேரு என்ன பேசுவாக?"

"நாலு பேரு பேசுறது இருக்கட்டும். நாளைக்குக் கல்லை எடுத்துட்டாலும், தண்ணி குடிக்காம இருந்தா இன்னொரு கல்லு வரும். இவுகளுக்கு இருக்கது ஒரே கிட்னி. அது போச்சுன்னா எந்த மிஷினாலயும் கொண்டார முடியாது. கொல்லையில ஒரு ரூம் கட்டுனாத்தான் அடுத்த ஆபரேஷன். இல்லன்னா நான் செய்யப்போறதில்ல."

உதவி டாக்டர் என்னைத் தனியாக இழுத்து, இப்படி நிபந்தனை போடலாமா சார் என்று கேட்டார். போடக் கூடாதுதான். அது வெறும் மிரட்டல். மதுரையில் நாள் குறித்தாகிவிட்டது, அவர் கட்டாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். நீங்கள் யாரும் இதை ஒரு முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த ஆளிடம் அறிவுரை சொல்லிப் பார்த்தாகிவிட்டது, மிரட்டல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

வேலுச்சாமி பயந்துவிட்டார். கொத்தனாரை வைத்து அறையைக் கட்டி முடித்துவிட்டதாக வந்து சொன்னார். மதுரையில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. உள்ளே இருந்த துண்டு முதுகு வழியாக வந்தது, சல்லி கீழே இருந்து வந்தது. டியூபை எடுத்தபோது சீனியம்மாள் பையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பெரிய துண்டைக் கழுவி வேலுச்சாமி கையில் கொடுத்தோம். கடைசியில் அவருக்கும் ஒரு பாட்டில் கிடைத்தது.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு மருத்துவ முகாமுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் அவர்கள் வீட்டுக்குக் காரை விட்டேன். நல்ல வெயில். வேலுச்சாமி வாசலுக்கு ஓடிவந்தார்.

"நீங்க சொன்னதக் கட்டிப்புட்டேன் சார், வாங்க பாப்போம்" என்று நேராகக் கொல்லைக்கு அழைத்துப்போனார்.

அறை நன்றாகத்தான் இருந்தது. வெள்ளையடித்து, தகரக் கதவு போட்டு, கதவில் பூட்டும் தொங்கியது. திறக்கச் சொன்னேன். மடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் உர மூட்டை.

"சும்மாதான கெடக்குதுன்னு..." என்றார்.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. நான் திட்டி முடிக்கும் வரை சீனியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். பிறகு சொம்பை நீட்டினார்.

"குடிங்கய்யா. வெயில்ல வந்திருக்கீக. உங்களுக்கென்ன, வழியில காரை நிப்பாட்டுனா ஆச்சு."

வரும் வழியில் கருவேலங்காட்டு ஓரம் காரை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தேன். நிறுத்தியது எனக்கு நினைவில்கூட இல்லை, அவர் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. சொம்பை வாங்கிக் குடித்தேன். பிறகு, மூட்டை முழுவதையும் இப்போதே வெளியே எடுக்காமல் நான் இந்த இடத்தைவிட்டு நகரப்போவதில்லை என்று வேலுச்சாமியிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றினார். என் டிரைவரும் ஒரு கை கொடுத்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டிராக்டர் ஷெட்டில் அத்தனைக்கும் தாராளமாக இடம் இருந்தது.

தம்பி காட்டிய அந்த அட்டவணையில் தப்பு ஒன்றும் இல்லை. சின்னக் கல்லுக்கு அதிர்வலை, பெரியதுக்கு முதுகுத் துளை, கீழே சிக்கியதுக்குக் கருவி, எல்லாம் சரி. ஆனால் உடைத்த கல்லை நோயாளியே இறக்க வேண்டிய வைத்தியத்தை எழுதிக்கொடுக்கும் முன், இறக்குவதற்கு அவருக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். புருஷனிடம் கேட்காதீர்கள்.

கடைசி மூட்டை வெளியே வந்ததும் வேலுச்சாமி விளக்குமாற்றைத் தேடிப் போனார். சீனியம்மாள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பட்டப்பகல். நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் கொல்லையைவிட்டு நகர்ந்து முன்வாசலுக்கு வந்து நின்றோம்.

"இப்ப வந்துருவா சார்" என்றார் வேலுச்சாமி. "வந்ததும் காப்பி போடச் சொல்றேன்."

"அவுக மெதுவா வரட்டும்" என்றேன். "காப்பிய நீங்க போடுங்க."